விசாவுக்காகக் கடன் வாங்கும் வங்கிக் கணக்கு



பேருவளைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் மாணிக்கக்கல் வியாபாரி. பத்து வருடங்களுக்கு மேலாகச் சீனங்கோட்டையில் கல் வாங்கி விற்பவர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசன் நகரில் வருடந்தோறும் ஜனவரி இறுதியிலும் பெப்ரவரியிலும் நடைபெறும் மாணிக்கக்கல் காட்சிகளைப் பார்த்து, அங்கு வரும் கொள்வனவாளர்களைச் சந்தித்து வர ஆசைப்படுகிறார். உம்ராவுக்குப் போய் வந்ததைத் தவிர அவருக்கு வெளிநாட்டுப் பயண அனுபவம் கிடையாது. விசா எடுத்துத் தருவதாகச் சொன்ன முகவர் ஒருவர், "உங்கள் வங்கிக் கணக்கு மெலிந்து கிடக்கிறது. 25 இலட்சமாவது போட்டுக் காட்டுங்கள், விசா கிடைத்ததும் எடுத்துவிடலாம்" என்றாராம். அதற்காகச் சகோதரியின் நகைகளை அடகு வைப்பது, போதாததை மைத்துனரிடம் கைமாற்றாக வாங்குவது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. "நகையைக் கொடுப்பதில் எனக்கு மனவருத்தம் இல்லை மௌலவி. ஆனால் இப்படிச் செய்வது சரிதானா?" என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம் சகோதரி. வெடிப்புள்ள கல்லை எண்ணெய் பூசி மறைத்து விற்பதை உங்கள் கணவர் ஏற்றுக்கொள்வாரா? மாட்டார். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டுவதும் அதே வகைதான். அடகுக் கடையின் வட்டி வேறு. மார்க்கம் இதில் என்ன சொல்லும் என்பது உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதை விரித்துரைக்க நான் வரவில்லை. உலக காரியமாகப் பார்த்தாலும் இந்த ஏற்பாடு வீண் என்பதையும், அவர் உண்மையில் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் எது என்பதையும் சொல்கிறேன். என்னிடம் ஓதிய மாணவர்கள் சிலர் இன்று கல் வியாபாரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கம் எனக்குண்டு.

முதலில் சட்டத்தை விளங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு இருக்கிறது. வியாபாரத்துக்காகவோ உல்லாசப் பயணமாகவோ போக விசாக் கேட்கும் எவரையும், அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் அதிகாரி முதலில் கருத வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அப்படியல்ல என்று காட்டுவது விண்ணப்பதாரியின் பொறுப்பு. கேட்கக் கசப்பாக இருக்கலாம். ஆனால் அதிகாரி எதைத் தேடுகிறார் என்பது இதிலிருந்து தெளிவாகிறது அல்லவா? இந்த மனிதருக்குத் திரும்பி வர ஊரில் என்ன இருக்கிறது, போகிற காரியம் உண்மையானதா, செலவை எப்படித் தாங்குவார் என்பவற்றைத்தான் அவர் பார்க்கிறார். வங்கியில் இத்தனை இலட்சம் இருக்க வேண்டும் என்று ஒரு தொகை எங்கும் விதிக்கப்பட்டில்லை. முகவர் சொன்ன 25 இலட்சம் முகவரின் சொந்தக் கணக்கு.

அந்தத் தொகையைப் போட்டால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஆறு மாத வங்கி அறிக்கையில் ஐந்து மாதம் சில்லறையாக வந்து போயிருக்கும். ஆறாவது மாதம் ஒரே நாளில் 25 இலட்சம் வந்து உட்கார்ந்திருக்கும். இத்தகைய அறிக்கைகளைப் பார்த்துப் பழகிய அதிகாரிக்கு இது புரியாதா? "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மைத்துனரின் பணம் என்றால் ஏன் போட்டீர்கள் என்று வரும். கல் விற்ற பணம் என்றால் அது பொய். முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. 214(பி) பிரிவின் கீழ் மறுக்கப்பட்டவர் நிலைமை மாறியதும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் விசா பெறுவதற்காக வேண்டுமென்றே முக்கியமான பொய்யைச் சொன்னவர் என்று பதிவானால், அதற்கு 212 என்ற வேறு பிரிவு உண்டு. அந்தத் தடைக்குக் காலவரையறை இல்லை. பின்னர் ஒரு காலத்தில் விதிவிலக்குக் கோரலாம். அது கிடைப்பதும் கிடைக்காததும் அவர்கள் கையில். விசா மறுக்கப்பட்டால் ஒரு பருவத்துக் காட்சி தவறிப் போகும். பொய் பதிவானால் அந்த நாட்டுச் சந்தையே கைநழுவிப் போகலாம். மைத்துனரின் பணத்தை அடுத்த மாதமே திருப்பிக் கொடுத்துவிடலாம், பதிவைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

கல் வியாபாரிக்கு இதில் உண்மையான ஒரு சிரமம் இருப்பதை நான் மறுக்கவில்லை. கடைக்காரனுக்கு அன்றாடம் விற்பனை. உத்தியோகத்தனுக்கு மாதச் சம்பளம். கல்லில் அப்படியா? ஆறு மாதம் ஒன்றுமில்லாமல் கழியும், ஏழாவது மாதம் ஒரு நீலக்கல்லில் வருடத்துச் செலவு வந்துவிடும். அந்தக் கல்லிலும் மூன்று பேருக்குப் பங்கிருக்கும். பேச்சு வார்த்தையில் கல் கைமாறும், பணம் கையில் வந்து கையாலேயே அடுத்த கல்லுக்குப் போகும். நாணயத்தின் பேரில் நடக்கிற இந்த வியாபாரம் எமக்குப் பெருமைதான். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அந்த நாணயத்தைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

எனவே ஆயத்தம் விசா விண்ணப்பத்தன்று தொடங்குவதில்லை, ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்குகிறது. விற்ற பணம் சிறிதோ பெரிதோ வங்கி வழியாகப் போகட்டும். வியாபாரப் பெயர்ப் பதிவு, தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் வியாபார அனுமதிப்பத்திரம் ஆகியன காலாவதியாகாமல் இருக்கட்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரிக்கோவை திறந்து, உண்மையான வருமானத்தை அறிவியுங்கள். வரிக்குக் குறைத்துக் காட்டி விசாவுக்குக் கூட்டிக் காட்டும் கெட்டித்தனம் எம்மில் சிலரிடம் இருக்கிறது. இரண்டு கடதாசியும் ஒரே மேசைக்கு வரும் நாளில் அது சந்தி சிரிக்கும். பங்குக் கல் என்றால் பங்காளிகளுடன் ஒரு சிறு எழுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் விசாவுக்கு மட்டுமல்ல, நாளை குடும்பத்தில் ஒரு மௌத்து நேர்ந்தால் பிள்ளைகளின் உரிமைக்கும் உதவும்.

இனிப் படிவம். டி.எஸ்.160 என்ற அந்தப் படிவத்தை இணையத்தில் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். வியாபாரக் காரியத்துக்குரிய வகை பி-1. உல்லாசப் பயணத்துக்குரிய பி-2உடன் சேர்த்தே பெரும்பாலும் வழங்குவார்கள். ஆங்கிலம் போதாதவர் பிள்ளையையோ தெரிந்தவரையோ வைத்து நிரப்பலாம், தவறில்லை. நிரப்ப உதவியவர் யார் என்று படிவமே கேட்கும், அதையும் உள்ளபடி எழுதுங்கள். ஆனால் ஒப்பமாகக் கருதப்படும் கடைசி அழுத்தலை விண்ணப்பதாரியே செய்ய வேண்டும். அதாவது முகவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். ஆகவே ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டு வந்து, நீங்கள் இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள். அமெரிக்காவில் உறவினர் உண்டா, முன்னர் விசா மறுக்கப்பட்டதா, கடந்த ஐந்து வருடங்களில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள் யாவை என்றெல்லாம் கேட்கப்படும். முகவர் அவசரத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போகிற இடங்கள் இவைதான்.

பெயர் விஷயத்தில் எமது சமூகத்துக்குத் தனித் தலைவலி ஒன்றிருக்கிறது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் 'முஹம்மத்', அடையாள அட்டையில் 'மொஹமட்', வங்கிப் புத்தகத்தில் வெறும் 'எம்.' என்றிருக்கும். வாப்பாவின் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வரும். படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே ஓரெழுத்தும் மாறாமல் எழுதுங்கள். வேறு பெயர் பாவித்ததுண்டா என்ற கேள்விக்கு மற்றதைக் குறிப்பிடலாம்.

புகைப்படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக, 2 அங்குலச் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடி கூடாது. மார்க்கக் காரணத்துக்காக நாளாந்தம் அணியும் தொப்பிக்கும் முக்காட்டுக்கும் தடையில்லை. முகம் முழுவதும் தெரிய வேண்டும், நிழல் விழக் கூடாது, அவ்வளவே. கணவருடன் போக நினைக்கும் சகோதரிகள் இதில் வீணாகக் கலங்க வேண்டாம்.

கட்டணம் 2023 ஜூன் 17இல் 160 டொலரிலிருந்து 185 டொலராக உயர்ந்தது. மேலும் மாறக்கூடும் என்பதால் கட்டும் நாளில் தூதரகத்தின் சொந்த இணையத்தளத்தில் பார்த்துக் கட்டுங்கள். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. விசா கைக்கு வருமுன் விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நேர்முகத் திகதிக்குப் பல மாதம் காத்திருக்க நேரலாம் என்பதால், பெப்ரவரிப் பயணத்துக்கு டிசம்பரில் ஓடித் திரிவதில் பயனில்லை. திகதி தெரிவு செய்யும்போது வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தால் ஜும்ஆவை நினைத்து மனம் பதறாது.

தூதரகம் கொழும்பு 3, காலி வீதியில் இருக்கிறது. கைத்தொலைபேசியைக் கூட வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். கடவுச்சீட்டும் படிவத்தின் உறுதிப்படுத்தல் தாளும் கட்டாயம். பத்து விரல் அடையாளமும் எடுப்பார்கள். நேர்முகப் பரீட்சை என்றதும் மேசை, நாற்காலி, அரை மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். நின்றபடி, கண்ணாடி ஜன்னல் ஊடாக, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். "கோவையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை" என்று குறைப்படுபவர்கள் பலர். பார்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. படிவமும் வாய்ப்பேச்சும் பொருந்துகின்றனவா என்பதுதான் பெரிய சோதனை. அழைப்புக் கடிதமும் அப்படித்தான். இருந்தால் காட்டலாம், அதை நம்பி விசா கொடுப்பதில்லை.

என்ன தொழில் என்று கேட்டால், 'பிஸ்னஸ்' என்று ஒரு சொல்லில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். "நான் பேருவளையில் மாணிக்கக்கல் வியாபாரி. பெரும்பாலும் நீலக்கல். கரடுக் கல்லாக வாங்கி, வெட்டி மெருகேற்றி ஏற்றுமதியாளர்களுக்கு விற்கிறேன். இப்போது கொள்வனவாளரை நேரில் சந்திக்க விரும்புகிறேன்" என்று சொல்லட்டும். இத்தனை சுருக்கமாக, இத்தனை விபரமாகப் பொய்யர் பேசுவது கஷ்டம். வருமானம் கேட்டால், மாதக் கணக்குச் சொல்லத் தடுமாறாமல், "மாதாமாதம் வராது, கடந்த வருடம் முழுவதும் இவ்வளவு" என்று வரிக்கோவையில் உள்ளதைச் சொல்லட்டும். எத்தனை நாள், எங்கே தங்குவது, செலவு யாருடையது, இங்கே வியாபாரத்தை யார் பார்ப்பது என்பவற்றுக்கும் ஒரு வரிப் பதில் போதும். மைத்துனர்தான் செலவு செய்கிறார் என்றால் மைத்துனர் என்றே சொல்வதில் இழிவில்லை. மறைப்பதில்தான் ஆபத்து. மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் பேசலாமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். அரைகுறையாக விளங்கிய கேள்விக்கு 'யெஸ்' என்று தலையாட்டுவதே பெரிய விபத்து.

பி-1 விசாவில் செய்யக்கூடியதையும் அவர் தெரிந்திருக்க வேண்டும். காட்சியைப் பார்க்கலாம், பேரம் பேசலாம், ஒப்பந்தம் செய்யலாம், இங்கிருந்து அனுப்பும் பொருளுக்கு ஓடர் எடுக்கலாம். அங்குள்ள ஒரு கடையில் நின்று சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. டூசனில் ஒரே காலத்தில் பல காட்சிகள் நடக்கின்றன. சிலவற்றுக்கு எவரும் போகலாம், சில வியாபாரிகளுக்கு மட்டுமானவை. பின்னவற்றுக்கு வியாபார அத்தாட்சிகளைக் கொடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும். எந்தக் காட்சி என்று பெயர் சொல்லத் தெரியாமல் "டூசனுக்கு" என்று மட்டும் சொன்னால் போகிற காரியத்தில் சந்தேகம் வருவது நியாயந்தானே. என் அபிப்பிராயம் கேட்டால், முதற்பயணத்தில் கல் கொண்டு போக வேண்டாம். கொண்டு போவதானால் இங்கே அதிகாரசபை, சுங்கம் ஊடாக முறைப்படி ஏற்றுமதி செய்து, அங்கும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். சட்டைப்பையில் கல் கொண்டுபோன பழைய வீரக் கதைகளைக் கேட்டு மயங்காதீர்கள்.

விசா கிடைத்தால், அதிலுள்ள பெயரையும் இலக்கங்களையும் உடனே சரிபாருங்கள். விசாவின் காலாவதித் திகதி வேறு, அங்கே தங்கக்கூடிய நாள் வேறு. தங்கும் நாளை அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கும்போது அங்குள்ள அதிகாரி தீர்மானிப்பார்.

கிடைக்காவிட்டால் ஒரு தாள் தருவார்கள், அதை எறிந்துவிடாமல் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 221(ஜி) என்றிருந்தால் ஏதோ ஆவணம் தேவைப்படுகிறது அல்லது மேலதிக பரிசீலனை நடக்கிறது என்று பொருள், கேட்டதைக் கொடுத்துக் காத்திருக்கலாம். 214(பி) என்றிருந்தால் மேன்முறையீடு கிடையாது. புதிதாகக் கட்டணம் கட்டி மீண்டும் விண்ணப்பிக்கத் தடையுமில்லை. ஆனால் அடுத்த வாரமே அதே கடதாசிகளுடன் போய் நிற்பதில் பலன் இல்லை. வங்கியிலும் வரிக்கோவையிலும் இன்னொரு வருடத்து வியாபாரம் ஏறட்டும், கிட்டிய நாடுகளின் கல் காட்சிகளுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பி வந்த முத்திரைகள் கடவுச்சீட்டில் விழட்டும். அப்போது படிவத்தில், முன்னர் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி வரும். 'ஆம்' என்று எழுதி, எந்த மாதம், எந்த வருடம், என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள்.