இரும்புக்கை மாயாவியை எழுதினது யாரு? இந்தக் கேள்வி ஏன் இப்போ முக்கியம்?

லோகேஷ் கனகராஜின் அடுத்த படம் எது என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரும் கூடவே வந்துவிடும். சூர்யாவை வைத்து எடுக்க நினைத்த கதை என்று அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார். படம் வருமா வராதா என்பது வேறு விஷயம். ஆனா ஒவ்வொரு தடவை செய்தி வரும்போதும் எங்க டிஜிட்டல் டெஸ்க்கில் அதே கேள்விதான்: "யாருப்பா இந்த மாயாவி? ஒரு எக்ஸ்பிளெய்னர் போடலாமா?"

போன லீவுக்குக் கடையநல்லூர் போனபோது அதற்கான பதிலை மாமாகிட்ட தேடினேன். எங்க ஊர்ல பாதிப் பேர் மாதிரி அவரும் பல வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்தவர். மச்சில் அவருடைய தகரப் பெட்டி ஒன்று இருக்கு. பாச்சை உருண்டை வாசனையோடு பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், வார இதழ்களில் இருந்து கிழித்து பைண்டு பண்ணின தொடர்கதைகள். அட்டை போனது பாதி, கரையான் தின்றது கொஞ்சம்.

"மாமா, இந்த மாயாவி கதையை எழுதினது யாரு?"

"முத்து காமிக்ஸ்ல."

"அது கம்பெனி. எழுதின ஆளு?"

"அதெல்லாம் எவம்ல பாத்தான்? கை மட்டும் தெரிஞ்சா மாயாவி வந்துட்டான்னு அர்த்தம். அவ்ளோதான் மருமவனே."

பெட்டியில் இருந்த மாயாவி புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். எதிலும் எழுதினவர் பெயர் இல்லை. வரைந்தவர் பெயரும் இல்லை.

சரி, யார் இந்த மாயாவி?

பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். பிரிட்டனில் 1962 அக்டோபரில் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற வார இதழில் 'தி ஸ்டீல் கிளா' என்ற பெயரில் வந்த தொடர் இது. ஆரம்பத்தில் கிராண்டேல் கெட்டவன். பிறகுதான் நிழற்படை உளவாளியாக மாறி நல்லவர் ஆனார்.

எங்க ஊர் ஸ்டேஷனில் பொதிகை ஏறினால் சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி சிவகாசி வரும். அந்தச் சிவகாசிக்காரரான சௌந்தரபாண்டியன் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். இரண்டும் இன்னைக்கும் வருது. பிரிட்டனே மறந்துபோன ஒரு ஹீரோவை 50 வருஷத்துக்கும் மேலாக உயிரோடு வைத்திருப்பது தமிழ் வாசகர்கள். தென்காசிப் பக்கம் நாற்பது வயதைத் தாண்டின ஒருத்தரிடம் கேட்டுப் பாருங்க, முகமே மாறும்.

இப்போ எழுதினவர் விஷயம். மாயாவியின் முதல் கதைகளை எழுதினவர் கென் புல்மர். அவருக்குப் பிறகு டாம் டுல்லி. வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. மூன்று பேர் பெயரையும் அந்தப் பத்திரிகை அப்போது அச்சிடவில்லை. பிரிட்டிஷ் காமிக்ஸ் கம்பெனிகளின் வழக்கம் அது. எழுத்தாளர், ஓவியர் பெயரைப் போட்டால் போட்டிக் கம்பெனி ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும், வாசகர்களிடம் பெயர் வாங்கினவர் சம்பளம் கூடக் கேட்பார் என்ற கணக்கு. 1977இல் தொடங்கிய '2000 ஏடி' இதழ்தான் பெயர்களை முறையாகப் போட ஆரம்பித்தது. அங்கேயே இல்லாத பெயர் சிவகாசிக்கு எப்படி வரும்?

அப்புறம் எப்படி இன்னைக்கு நமக்குத் தெரியுது? ரசிகர்கள் தேடி எடுத்தார்கள். பழைய இதழ்களைச் சேர்த்து, கோட்டின் ஸ்டைலைப் பார்த்து, வயசான ஓவியர்களைத் தேடிப் போய்க் கேட்டு, பட்டியல் போட்டார்கள். சம்பளம் இல்லாமல்.

கிளீவ்லாண்டில் இரண்டு பேர்

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். கென் புல்மர் எழுத்தாளர் ஆகும் முன்பே அறிவியல் புனைவு ரசிகர். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் உள்ள ரசிகர்கள் சில்லறை சில்லறையாகக் காசு சேர்த்து, ஓட்டுப் போட்டு, ஒரு ரசிகரை அந்தப் பக்கம் அனுப்பி வைக்கும் நிதி ஒன்று உண்டு. 1955இல் அந்த ஓட்டில் ஜெயித்து, அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்குப் போனவர் புல்மர்.

அதே கிளீவ்லாண்டில் வளர்ந்தவர் ஜெர்ரி சீகல். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே, 1930களின் தொடக்கத்தில், நண்பன் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்று கைச்செலவில் ஒரு ரசிகர் இதழ் நடத்தினார். அந்த இரண்டு பையன்கள்தான் பிறகு சூப்பர்மேனை உருவாக்கினவர்கள். 1938இல் 130 டாலருக்கு உரிமையை விற்றார்கள். 1947இல் வழக்குப் போட்டதும் அவர்கள் பெயரே கதையிலிருந்து எடுக்கப்பட்டது. 1975இல் ஒப்பந்தம் ஆன பிறகுதான் பெயர் திரும்ப வந்தது. இடையில் 1966 முதல் சில வருஷம் சீகல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றுக்குப் பெயர் இல்லாமல் கதை எழுதினார். என்ன கதை தெரியுமா? 'தி ஸ்பைடர்'. நம்ம லயன் காமிக்ஸ் ஸ்பைடரேதான்.

மாமாகிட்ட இதைச் சொன்னேன். "சூப்பர்மேன் எழுதினவனா நம்ம ஸ்பைடரையும் எழுதினான்?" என்று இரண்டு தடவை கேட்டார். பெட்டியைத் திரும்பத் திறந்தார்.

விருதுச் சண்டைகள் எல்லாம் எதைப் பற்றி?

ரசிகர் என்றாலே நமக்குக் கட்அவுட், பாலாபிஷேகம், எக்ஸ் தளத்தில் ஹேஷ்டேக் சண்டைதான் ஞாபகம் வருது. அறிவியல் புனைவு, மாயப் புனைவு ரசிகர் உலகத்தில் சண்டைக்குக் குறைவே இல்லை. ஆனா கடந்த மூன்று நாலு வருஷச் சண்டைகளைக் கவனித்தால், எல்லாமே ஏதோ ஒரு வகையில் பெயர்ப் பட்டியல் பற்றியது.

ஹியூகோ விருது 1953இல் தொடங்கியது. உலக மாநாட்டுக்கு உறுப்பினர் கட்டணம் கட்டும் வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தருவது. 2023 மாநாடு சீனாவின் செங்டுவில் நடந்தது. 2024 ஜனவரியில் ஓட்டு விவரம் வெளியானபோது, ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல், ஷிரான் ஜே ஷாவ் என்ற எழுத்தாளர், இன்னும் சில பெயர்கள், போதுமான ஓட்டு இருந்தும் 'தகுதியில்லை' என்று நீக்கப்பட்டது தெரியவந்தது. காரணம் சொல்லவில்லை. பிப்ரவரியில் கிறிஸ் பார்க்லி, ஜேசன் சான்ஃபோர்ட் என்ற இருவர் விருதுக் குழுவின் உள்மின்னஞ்சல்களை வெளியிட்டார்கள். அரசியல்ரீதியாகச் சிக்கல் வருமா என்று எழுத்தாளர்களின் பின்னணியை நோண்டிப் பார்த்தது அதில் தெரிந்தது. இதில் பார்க்லி அதே செங்டுவில் சிறந்த ரசிக எழுத்தாளர் ஹியூகோ வாங்கினவர். தான் வாங்கின விருதையே சந்தேகத்துக்குள்ளாக்கும் என்று தெரிந்தும் எழுதினார்.

2024இல் கிளாஸ்கோ. 377 ஓட்டுகளை நிர்வாகிகள் செல்லாது என்றார்கள். குடும்பப் பெயரின் முதல் எழுத்து மட்டும் அகரவரிசைப்படி மாறிக்கொண்டே போகும் 'வாக்காளர்கள்', அடுத்தடுத்த எண்களையே பெயராக வைத்திருக்கும் 'வாக்காளர்கள்'. யாரோ காசு கட்டிப் பட்டியலை நிரப்பியிருக்கிறார்கள். இந்தத் தடவை நிர்வாகமே முன்வந்து எல்லாவற்றையும் சொன்னது.

2025இல் சியாட்டில். மேடைப் பேச்சாளராக வர விண்ணப்பித்தவர்களின் பின்னணியைச் சரிபார்க்க சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியது ஏப்ரல் கடைசியில் வெளியே வந்தது. தங்கள் புத்தகங்களைக் கேட்காமலே தின்ற இயந்திரத்திடம் தங்களைப் பற்றியே விசாரிப்பதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். யூன் ஹா லீ தன் நாவலை விருதுப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். ஹியூகோ நிர்வாகிகள் மூன்று பேர் ராஜினாமா செய்தார்கள். மாநாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டு, இயந்திரம் இல்லாமல் திரும்பச் சரிபார்த்தது. இது ரொம்ப ஓவர் என்று அப்போது எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். எனக்கு அப்படித் தோணல. எங்க ஊர்ல ஒரே தெருவில் நாலு முகமது அலி இருப்பாங்க. ஒருத்தர் பண்ணினதை இன்னொருத்தர் கணக்கில் எழுதினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம்ம பக்கம் என்ன நிலைமை?

இங்கே விருதுச் சண்டை இல்லை. ஆனா பட்டியலும் இல்லை.

'எந்திரன்' வழக்கை எடுத்துக்குவோம். 1996இல் 'இனிய உதயம்' இதழில் வந்த தன்னுடைய 'ஜூகிபா' கதைதான் 2010இல் வந்த படம் என்பது ஆரூர் தமிழ்நாடனின் குற்றச்சாட்டு. இழப்பீடு கேட்ட அவருடைய சிவில் வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தள்ளுபடி செய்தது. 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை இதே விவகாரத்தில் இயக்குநர் ஷங்கரின் 10.11 கோடி ரூபாய் சொத்தை முடக்கியது. மார்ச்சில் அதற்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரல. எனக்குப் பட்டது வேற. தமிழ் அறிவியல் புனைவு பற்றிய ரொம்பப் பெரிய விவாதம் நடக்குது, ஆனா சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத் தாண்டி, தமிழில் ரோபோ கதை யார் யார் எழுதினார்கள், எந்த வருஷம், எந்த இதழில் என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு பொதுப் பட்டியல் நம்மகிட்ட இல்லை.

ஆங்கிலத்தில் 1995இலிருந்து ரசிகர்கள் நடத்தும் புனைவுத் தரவுத்தளம் இருக்கு. எந்தக் கதை, எந்த இதழ், எந்த மாதம், அட்டை வரைந்தவர் யார் வரைக்கும் தேடலாம். தமிழிலும் இப்படிப்பட்ட வேலை முடியாததில்லை. ஈழத்து எழுத்துகளுக்காக 2005இலிருந்து 'நூலகம்' திட்டம் தன்னார்வலர்களை வைத்தே ஓடிக்கொண்டிருக்கு. 'அரூ' இணைய இதழ் 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டி வைத்தபோது புது ஆட்கள் வந்து எழுதினார்கள். எழுதறதுக்கும் ஆள் இருக்கு, படிக்கறதுக்கும் ஆள் இருக்கு. பதிவு பண்ணத்தான் யாரும் உட்காரல.

உடனே "பழைய காமிக்ஸ் எல்லாம் டெலிகிராம்ல பிடிஎஃப்பா கிடைக்குதே ப்ரோ" என்று ஒருத்தர் சொல்வார். அதைத்தான் வேண்டாம் என்கிறேன். லயன், முத்து காமிக்ஸ் எல்லாம் சந்தா கட்டும் வாசகர்களை நம்பி ஓடுது. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணி குரூப்பில் போடுவது அந்த அடுப்பில் தண்ணி ஊற்றுற வேலை. அந்த பிடிஎஃப்பிலும் பெயர் இருக்காது. ஸ்கேன் பண்ணினவர் தன் லோகோவை மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் மறக்காமல் போட்டிருப்பார்!

பட்டியலுக்கு முழுப் புத்தகம் தேவையில்லை. அட்டை, பொருளடக்கம், அச்சு விவரம் இருக்கும் பக்கம், கதையின் முதல் பக்கம். போனில் நாலு படம். மூலையில் ஓவியரின் கையெழுத்து இருந்தால் அதுவும். மொழிபெயர்த்தவர் யார் என்று தெரிந்தால் எழுதி வைக்கலாம். மாயாவியைத் தமிழில் பேச வைத்தவர்கள், அட்டைப்படம் வரைந்த சிவகாசி ஓவியர்கள், இவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? விவரம் தெரிந்தவர்களுக்கு வயசாகுது. ஏஐயில் அட்டைப்படம் போடும் காலம் வேற வந்தாச்சு. கையால் வரைந்தது யார் என்று இப்போ எழுதி வைக்காவிட்டால், கையால் வரைந்ததா என்பதே நாளைக்குச் சந்தேகம் ஆகும்.

படம் வந்தால் டைட்டில் கார்டில் என்ன போடுவார்கள் என்பதையும் பார்க்கணும். 'தி ஸ்டீல் கிளா' உரிமை இன்னைக்கு பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கு. 2021இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் புல்மர், பிளாஸ்கோ பெயர்கள் வந்துவிட்டன. 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயர் தமிழில் பிறந்தது. அதைச் சுமந்தவர்களுக்கும் ஒரு வரி நன்றி போடலாம். காசு செலவு இல்லாத விஷயம்தான்.

நான் மாமாவின் பெட்டியில் இருந்து தொடங்கியிருக்கேன். இதுவரைக்கும் 61 புத்தகம் எழுதி முடித்தாச்சு. பைண்டு வால்யூம் ஒன்றில் ஒரு கதை மாட்டியது. முதல் பக்கம் கிழிந்துபோச்சு. தலைப்பு இல்லை, பெயர் இல்லை, எந்த இதழ் என்றும் தெரியல. 2050இல் குற்றாலத்தில் தண்ணி நின்றுபோகுது. டூரிஸ்ட் வரணும் என்பதற்காக ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் மோட்டார் வைத்துத் தண்ணியை மலைக்கு ஏற்றி, பகலில் மெயின் அருவியில் விடுகிறார்கள். மோட்டார் ஆபரேட்டராக வேலைக்குச் சேரும் பையன் கடையநல்லூர்க்காரன். கடைசிப் பக்கமும் பாதிதான் இருக்கு. உங்க வீட்டில் யாராவது படித்திருந்தால், எழுதினவர் பெயர் ஞாபகம் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க. மாமாவும் இப்போ தினமும் போன் பண்ணிக் கேட்கிறார்.