எத்தனை பேப்பர் என்று கேட்பவர்கள்

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ, வீட்டின் முதல் பட்டதாரியாகப் பிஎச்.டி.க்கு வந்து சேரும் ஒருவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை பேப்பர் போட்டிருக்கிறாய்? எந்த இதழில் என்பது அடுத்த கேள்வி. பல இடங்களில் அது வருவதே இல்லை.

இந்த எண்ணிக்கைப் பசியில்தான் போலி ஆய்விதழ்கள் கொழுத்தன. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம் நூற்றுக்கணக்கான இதழ்களை நடத்தியது. கட்டுரையை ஏற்ற பிறகே கட்டணத்தைச் சொன்னது. கட்டுரையைத் திரும்பக் கேட்டவர்களுக்குக் கையை விரித்தது. சம்மதம் கேட்காமலே பேராசிரியர்களை ஆசிரியர் குழுவில் சேர்த்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் விதித்த தொகை 5 கோடி டாலருக்கும் மேல்.

நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் தடுமாறியது. 2017-இல் அது வெளியிட்ட அங்கீகாரப் பட்டியலில், பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் நுழைந்த 1,009 இதழ்களைப் புணே ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 88 சதவீதம் தேறவில்லை. 2018 மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அதற்குப் பதிலாக ‘கேர்’ பட்டியல் வந்தது; 2025 பிப்ரவரியில் அதுவும் போயிற்று. இனி கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்பது நிலை. ஐஐடிக்கு இது சுமையல்ல. நல்ல இதழ்களைப் படித்துப் பழகிய மூத்த ஆய்வாளர்கள் பக்கத்து மேசையில் இல்லாத கல்லூரிக்கு இது கைகழுவல்தான்.

ஆய்வு மாணவர் தன்னைக் காத்துக்கொள்ள வழி உண்டு. இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் தரச்சான்று அல்ல. துறைமுகத்துக்குப் போகும் லாரிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுநரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று ஆகிவிடாது. ‘ஸ்கோபஸ் இதழ்’ என்று மின்னஞ்சல் சொன்னால், ஆய்விதழ்த் தரவுத்தளமான ஸ்கோபஸின் சொந்தத் தளத்திலேயே தேட வேண்டும். நல்ல இதழ்களின் பெயரைத் திருடிய நகல் தளங்களும் உலவுகின்றன. ஆசிரியர் குழுவில் இருப்பவர் ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேட்கலாம். மூன்றே நாளில் மதிப்பீடு முடிந்தது என்றால், யாரும் படிக்கவில்லை என்று பொருள். கட்டணம் வாங்கும் இதழெல்லாம் போலி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ‘பிளாஸ் ஒன்’ என்ற அறிவியல் இதழ் கூட வாங்குகிறது, ஆனால் தொகையை முன்பே சொல்லிவிடுகிறது.

பேப்பர் கேட்கும் வழிகாட்டிக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். அந்த ஆய்விதழின் ஒரு வெளியீட்டையாவது படித்தேன் என்று அவர் கையெழுத்திடட்டும். போலி இதழில் ஒருமுறை அச்சாகிவிட்ட கட்டுரையை, ஏற்கெனவே வெளிவந்தது என்று சொல்லி நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும். இழப்பு முழுவதும் மாணவர் தலையில்தான் விழுகிறது.