அமைதிப்படையில் குண்டடி பட்டால் ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோவது யார்? ஐநாவின் ‘10-1-2’ கணக்கு!

ஆலங்காயத்தில் பைக் விபத்து என்றால் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். 108 வரும். வாணியம்பாடி அரசு மருத்துவமனை. பெரிய காயம் என்றால் அடுக்கம்பாறை, இல்லேன்னா சிஎம்சி.

இதே பகுதியிலிருந்து ராணுவத்துக்குப் போன ஒருவர், தெற்கு சூடானில் ஐநா அமைதிப்படை பணியில் குண்டடி பட்டால்? வீட்டுக்கு வீடு ராணுவ வீரர் என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கும் வேலூர் பக்கம், இது தூரத்துக் கேள்வி இல்லை. இதுவரை 2.9 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அமைதிப்படையில் பணியாற்றியுள்ளனர். சுமார் 180 பேர் உயிரிழந்துள்ளனர். வேறு எந்த நாடும் இத்தனை பேரை இழக்கவில்லை.

அதென்ன 10-1-2?

காயம்பட்ட 10 நிமிடத்துக்குள் முதலுதவி. 1 மணி நேரத்துக்குள் உயிர்காக்கும் தீவிர சிகிச்சை. 2 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை. இதுதான் ஐநா வைத்திருக்கும் இலக்கு.

மருத்துவமனைகளும் நான்கு படி. முகாமிலேயே இருக்கும் சிறிய மருத்துவ நிலையம் முதல் படி. இரண்டாவதில் ஆபரேஷன் தியேட்டர் இருக்கும். மூன்றாவது, சிறப்பு மருத்துவர்களோடு 50 படுக்கை. காங்கோவின் கோமா நகரில் இந்திய ராணுவம் நடத்துவது இந்த வகைதான். (தெற்கு சூடானின் போர் நகரில் இலங்கை ராணுவம் நடத்துவது இரண்டாம் படி.) அதற்கும் மேல் என்றால் நைரோபி, பிரிட்டோரியா மாதிரி நகரங்களின் பெரிய மருத்துவமனைகள். சீக்கிரம் பணிக்குத் திரும்ப முடியாத அளவுக்குக் காயம் என்றால் சொந்த நாட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

சிக்கல் எங்கே?

டாக்டர் இல்லாதது பிரச்னை இல்லை. டாக்டரிடம் போய்ச் சேருவதுதான் பிரச்னை.

தெற்கு சூடானில் மழைக்காலம் வந்தால் பாதி நாட்டுக்கு ரோடே கிடையாது. ஹெலிகாப்டர்தான் ஆம்புலன்ஸ். ஆனால் அது நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. வழியில் சுடமாட்டோம் என்று அந்த நாட்டுத் தரப்பு உறுதி தர வேண்டும். இரவில் பறப்பது இன்னும் கஷ்டம். இரண்டு மணி நேரக் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது. 2017 டிசம்பரில் பிரேசிலின் முன்னாள் தளபதி சாண்டோஸ் குரூஸ் ஐநாவுக்குக் கொடுத்த அறிக்கையும், காயம்பட்டவர்களை மீட்பதில் உள்ள தாமதத்தைச் சுட்டிக்காட்டியது.

2013 டிசம்பர் 19 அன்று அகோபோ முகாமை சுமார் 2,000 பேர் தாக்கினார்கள். அடைக்கலம் தேடி வந்த பொதுமக்களைக் காத்து நின்ற இந்திய வீரர்கள் இருவர் கொல்லப்பட்டனர். காயமடைந்த இன்னொருவரை மலக்கால் நகருக்குக் கொண்டுபோய்த்தான் சிகிச்சை கொடுக்க முடிந்தது.

ஹெலிகாப்டர் வந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. 2025 மார்ச் 7 அன்று நாசிர் பகுதியில் காயம்பட்ட தெற்கு சூடான் ராணுவத்தினரை ஏற்றப்போன ஐநா ஹெலிகாப்டரே தாக்கப்பட்டது. ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஏற்ற வந்த ஜெனரலும் பிழைக்கவில்லை.

அதே ஆண்டு ஜனவரியில் கோமாவை எம்23 கிளர்ச்சிப் படை பிடித்தபோது விமான நிலையம் மூடப்பட்டது. காயமடைந்த தென்னாப்பிரிக்க வீரர்கள் ருவாண்டா வழியாக ஊர் திரும்ப பிப்ரவரி கடைசி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தும், அடுத்த படிக்குப் போக வழி இல்லை.

இலங்கைக்குப் போன படையும் இதுவும் ஒன்றா?

இல்லை. நம்ம ஊர் பழைய ராணுவக்காரர்களுக்கு ‘அமைதிப்படை’ என்றதும் இலங்கைதான் ஞாபகம் வரும். 1987 முதல் 1990 வரை அங்கே இருந்தது இந்தியாவே அனுப்பிய படை, ஐநா படை அல்ல. பலாலியில் விமானம் ஏறினால் சென்னை பக்கம்தான். ஆப்பிரிக்காவில் அந்த வசதி கிடையாது.

இனி என்ன?

பணத் தட்டுப்பாட்டால் அமைதிப்படையினரில் சுமார் 25 சதவீதம் பேரை, அவர்களின் சாதனங்களோடு சேர்த்துக் குறைப்பதாக 2025 அக்டோபரில் ஐநா அறிவித்தது. முகாம்கள் குறையும்போது முகாமுக்கும் மருத்துவமனைக்கும் இடையே தூரம் கூடும். ஹெலிகாப்டரும் குறைந்தால் அந்த இரண்டு மணி நேரம் எத்தனை மணி நேரமாகும் என்பதை, வீரர்களை அனுப்பும் இந்தியா போன்ற நாடுகள்தான் ஐநாவிடம் கேட்க வேண்டும்.