குப்பையைச் சொல்லிப் புலம்பியது போதும்!



மதுரையில் நம் மஹல்லாக்கள் எதில் நுழைந்தாலும் ஒரே புகார்தான்: குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை! இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. வரி கட்டும் மக்களுக்குத் துப்புரவு என்பது சலுகையல்ல, உரிமை. அதற்காகக் குரல் கொடுத்திருக்கிறோம், இன்னும் கொடுப்போம்.

ஆனால், நம் தெருவிலிருந்து அள்ளப்படும் குப்பை எங்கே போகிறது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல்லுக்கு! அங்கே மலையாய்க் குவிந்த குப்பையின் நாற்றத்தைச் சுவாசித்தவர்களும் ஏழை எளிய மக்களே. நம் வாசல் சுத்தமானால் போதும், அடுத்தவர் வாசல் எக்கேடு கெட்டால் என்ன என்று ஒரு முஸ்லிம் நினைக்கலாமா? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றுத் தந்தவர்களல்லவா நம் நபி (ஸல்) அவர்கள்!

வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கக்கூடியது. அதைத் தனியே பிரித்துத் தர வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே விதி வகுத்தது. அப்படிப் பிரித்ததை உரமாக்கும் வழியை நாடறியச் சொன்னவர் யார் தெரியுமா? சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில். வெளிநாட்டுப் புழுக்கள் தேவையில்லை, நம் மண்ணின் புழுக்களே போதும் என்று விவசாயிகளுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துரைத்தவர். 2021-ல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும், 2022-ல் நீதிபதி முருகேசன் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கைக் குழுவிலும் இடம்பெற்றவர். நாடே பாடம் கேட்ட இந்த அறிஞரிடம் நம் பள்ளிகளும் மதரஸாக்களும் எவ்வளவு கற்றுக்கொண்டன?

பெரும் செலவு எதுவும் இல்லை. நிழலில் ஒரு தொட்டி. அடியில் உடைந்த செங்கல், மணல். மேலே மண், சாணம், காய்ந்த இலை. மதுரை வெயிலில் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, எறும்பு அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வலீமா விருந்தின் வாழை இலை எல்லாம் இரண்டு மாதத்தில் உரமாகும். ஒன்றை மறக்கக் கூடாது: இறைச்சி, எலும்பு, எண்ணெய், உப்புச் சேர்ந்த உணவு எதையும் போடக் கூடாது. பிரியாணி மிச்சத்துக்குத் தொட்டியில் இடமில்லை. வீணாக்காமல் அளவாகச் சமைப்பதே அதற்கு மருந்து!

புழுவைக் கண்டு முகம் சுளித்த பிள்ளை, தேயிலைத் தூள்போல் உதிரும் உரத்தைக் கையில் அள்ளும்போது, அல்லாஹ்வின் படைப்பில் அற்பமானது எதுவுமில்லை என்பதைத் தானே உணர்ந்துகொள்ளும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் உம்மாவிடம் இரண்டு வாளி கேட்கும். தெரு மாறத் தொடங்குவது அங்கேதான்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளித் தாளாளர்களே! வரும் கல்வியாண்டில் பள்ளிக்கு ஒரு தொட்டி, மதரஸாவுக்கு ஒரு தொட்டி என்று முடிவெடுங்கள். பொறுப்பை மாணவர்களிடமே ஒப்படையுங்கள். பிரித்துக் கொடுத்த குப்பையை மாநகராட்சி மீண்டும் ஒன்றாகக் கொட்டினால், தட்டிக் கேட்கும் தகுதி அப்போது நமக்கு முழுமையாக இருக்கும்.

கடமையைச் செய்துவிட்டு உரிமையைக் கேட்போம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!