தாத்தா விட்டுவிட்ட கதையை பேத்தி எழுதுகிறார்: ஸோயி கஸானின் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

'வாரிசு நடிகை'னு ஒருத்தரைச் சொன்னதும் நமக்குள்ள ஒரு முடிவு தானாகவே வந்துடும். அப்பா தயாரிப்பாளர், மாமா இயக்குநர், பொண்ணு ஹீரோயின். அவ்வளவுதானே? ஹாலிவுட்டிலும் 2022 முழுக்க இதே பேச்சுதான். 'யூஃபோரியா' தொடரில் நடித்த மாட் அபடாவ், இயக்குநர் ஜட் அபடாவின் மகள் என்று தெரிந்து ஒரு ரசிகர் ட்விட்டரில் ஆச்சரியப்பட, 'நெப்போ பேபி' என்ற சொல் தீயாகப் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் 'நியூயார்க்' இதழ், பிரபலங்களின் முகங்களைக் குழந்தைகளின் உடம்பில் ஒட்டி அட்டைப்படமே போட்டது.

இந்தப் பட்டியலில் சுலபமாகச் சேர்க்கக்கூடிய, ஆனால் சேர்த்தால் விஷயம் சிக்கலாகிவிடும் ஒரு பெயர், ஸோயி கஸான். நடிகை, நாடக ஆசிரியர், திரைக்கதை எழுத்தாளர். ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலை நெட்ஃபிளிக்ஸுக்காக குறுந்தொடராக எழுதியிருக்கிறார். நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரும்கூட. இதே நாவலை 1955-ல் படமாக எடுத்தவர் எலியா கஸான். ஸோயியின் அப்பாவழித் தாத்தா.

யார் இந்த ஸோயி?

1983-ல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்பா நிக்கலஸ் கஸான், அம்மா ராபின் ஸ்விகார்ட், ரெண்டு பேருமே திரைக்கதை எழுத்தாளர்கள், ரெண்டு பேருமே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள். 1994-ல் வந்த 'லிட்டில் விமன்' அம்மா எழுதியது. 1996-ல் வந்த 'மட்டில்டா' அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எழுதியது. வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே திரைக்கதை வகுப்பு நடக்கும் குடும்பம்னு வச்சுக்கலாம்.

இதெல்லாம் சலுகை இல்லையா? சலுகைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சலுகையை வைத்து அவர் செய்தது என்ன என்று பார்த்தால் கதை கொஞ்சம் வேற மாதிரி போகுது. நியூயார்க் நாடக மேடையில் செக்காவ் நாடகத்தில் நடித்தார். சொந்தமாக நாடகங்கள் எழுதினார். 'ரூபி ஸ்பார்க்ஸ்' (2012) படத்துக்குத் திரைக்கதை எழுதி, அவரே நாயகியாகவும் நடித்தார்.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும். ஏன்னா இப்போதைய தொடருக்கான விதை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத முடியாமல் தவிக்கும் ஓர் இளம் எழுத்தாளர், தன் கனவில் வந்த பெண்ணைக் கதையாக எழுத ஆரம்பிக்கிறார். ஒருநாள் அவள் உயிரோடு அவர் வீட்டு சமையலறையில் நிற்கிறாள். முதலில் ஜாலியாகத்தான் போகிறது. பிறகுதான் வினை. அவள் விலகிப்போவதாகத் தோன்றினால், தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வரி அடித்தால் போதும், ஒட்டிக்கொள்வாள். இன்னொரு வரி அடித்தால் பிரெஞ்சு பேசுவாள். கடைசியில் அவர் அவளைப் பொம்மை மாதிரி ஆட்டிவைக்கும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள், இதை ரொமான்டிக் காமெடி என்று இனிமேல் சொல்ல மாட்டார்கள்.

அப்போது ஹாலிவுட்டில் 'மேனிக் பிக்ஸி ட்ரீம் கேர்ள்' என்ற சொல் புழக்கத்தில் இருந்தது. சோகமான ஹீரோவைச் சிரிக்கவைப்பதைத் தவிர வேறு வேலையில்லாத துறுதுறு நாயகிகளைக் கிண்டல் செய்ய, நேதன் ராபின் என்ற விமர்சகர் 2007-ல் உருவாக்கியது. நம்ம ஊர் 'லூசுப்பொண்ணு' பாத்திரங்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். ரூபியையும் அந்தப் பெட்டிக்குள் போட்டபோது ஸோயி ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லே பெண் வெறுப்பு கொண்டது, எல்லாவிதப் பெண்களையும் ஒரே முத்திரையில் அடைத்துவிடுகிறது என்று பேட்டியில் சொன்னார். 2014-ல் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவரே அதற்காக வருத்தம் தெரிவித்துக் கட்டுரை எழுதினார்.

ஆக, ஆண் எழுத்தாளர் உருவாக்கிய பெண்ணுக்கு அவள் பக்கத்து நியாயம் என்ன? இதுதான் ஸோயியை விடாமல் துரத்தும் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டு 'ஈஸ்ட் ஆஃப் ஈட'னுக்கு வருவோம்.

1955 படத்தில் என்ன இல்லை?

நாவல் 1952-ல் வெளியானது. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக நீளும் கதை. பைபிளின் காயீன், ஆபேல் கதையை அமெரிக்க மண்ணில் திரும்பச் சொல்வது. எலியா கஸான் அதில் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய கடைசிக் கால்பகுதியை மட்டும். அப்பாவின் அன்புக்காக ஏங்கும் மகன் கேல். அந்த வேடத்தில் வந்த புதுமுகம் ஜேம்ஸ் டீன். படம் வெளியான அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் கார் விபத்தில் இறந்துபோனார். அதனாலேயே அந்தப் படம் ஜேம்ஸ் டீனின் படமாக நின்றுவிட்டது.

விடுபட்டது யார்? கேத்தி ஏம்ஸ். பெற்றோர் இருக்கும் வீட்டுக்குத் தீ வைத்து ஓடிவந்தவள். இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற கையோடு, தடுக்க வந்த கணவனைச் சுட்டுவிட்டுப் போனவள். பிறகு விபசார விடுதியில் சேர்ந்து, அதன் உரிமையாளருக்கு விஷம் வைத்து இடத்தைத் தனதாக்கிக்கொள்பவள். படத்தில் இந்த முன்கதை எதுவும் காட்சியாக வராது. நடுத்தர வயது விடுதிக்காரியாக சில காட்சிகளில் வருவாள், அவ்வளவுதான். அந்தச் சில காட்சிகளுக்கே ஜோ வான் ஃப்ளீட்டுக்கு சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

1981-ல் தொலைக்காட்சித் தொடராக முழு நாவலும் வந்தது. கேத்தியாக நடித்த ஜேன் சீமோருக்கு கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. எனவே 'முதல்முறையாக முழுக்கதை' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

ஆனால் தாத்தா படத்திலிருந்து ஸோயி விலகும் இடம் முக்கியமானது. பதின்ம வயதில் நாவலைப் படித்தபோதே பிடித்துப்போனதாகவும், அதை முழுமையாகத் திரைக்குக் கொண்டுவருவதே கனவு என்றும், எல்லாவற்றையும்விட கேத்தியை முழுசாக எழுத விரும்பியதாகவும் தொடர் அறிவிப்பின்போது சொன்னார். கேத்தியாக நடிப்பவர் ஃப்ளோரன்ஸ் பியூ. நியூசிலாந்தில் படப்பிடிப்பு நடந்தது.

இது சும்மா ஒரு 'பெண்ணியப் பார்வை' ஒட்டுவேலை இல்லை. நாவலிலேயே இதற்கான இடம் இருக்கிறது. கதைசொல்லி முதலில் கேத்தியைப் பிறவி அரக்கியாக அறிமுகப்படுத்துவார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிடும், நான் சொன்னது சரிதானா என்று. ஸ்டைன்பெக் அப்போதுதான் இரண்டாவது மனைவியோடு விவாகரத்தாகி இருந்தார், அந்தக் கோபம் கேத்தியில் கலந்திருக்கிறது என்று விமர்சகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அதாவது கேத்தியும் ஒருவகையில் ரூபிதான். தட்டச்சு இயந்திரம்தான் வேற.

அந்த 'பெயர்' விவகாரம்

கஸான் என்ற குடும்பப்பெயர் அமெரிக்காவில் வெறும் பெருமை இல்லை. அது ஒரு காயமும்கூட. கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த 1952 ஏப்ரலில், அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு எலியா கஸான் தன் பழைய நாடகக் குழுத் தோழர்கள் எட்டுப் பேரின் பெயர்களைச் சொன்னார். ஜனவரியில் சொல்ல மறுத்தவர், ஏப்ரலில் சொன்னார். செய்தது சரிதான் என்று பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார். அந்தக் காலத்தில் அப்படிப் பெயர் வெளிவந்தால் வேலை போகும். நெருங்கிய நண்பர் ஆர்தர் மில்லர் விலகிப்போனார். 1999-ல் கஸானுக்கு கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது அரங்கில் சிலர் எழுந்து நின்று கைதட்ட, நிக் நோல்டி, எட் ஹாரிஸ் போன்றோர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 47 வருஷம் கழித்தும் ஆறவில்லை.

அந்த வருடத்தைக் கவனித்தீர்களா? அவர் பெயர்களைச் சொன்ன அதே 1952-ல்தான் ஸ்டைன்பெக்கின் நாவலும் வந்தது. அப்பாவின் பாவம் பிள்ளைக்கு வருமா, அல்லது பிள்ளை அதை வெல்லத் தேர்ந்தெடுக்கலாமா என்பதுதான் நாவலின் மையம். ஆதியாகமத்தில் காயீனிடம் கடவுள் சொல்லும் ஓர் எபிரேயச் சொல், வாக்குறுதியா, கட்டளையா, இல்லை உன் கையில் விட்ட தேர்வா என்று பாத்திரங்கள் வருடக்கணக்கில் ஆராய்வார்கள்.

இதை ஸோயியின் சொந்தக் கதையாக இழுத்துப் பொருத்துவது நமக்குச் சுலபம். அவர் அப்படிப் பொருத்தித்தான் எழுதுகிறார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் 'ஷி செட்' (2022) படத்தில் அவர் நடித்தது, ஹார்வி வைன்ஸ்டீனால் பாதிக்கப்பட்ட பெண்களிடம் 'உங்கள் பெயரோடு பேசுங்கள்' என்று கேட்கும் பத்திரிகையாளராக. இரண்டும் ஒன்றல்ல. அங்கே தாத்தா அதிகாரத்திடம் சகாக்களின் பெயரைக் கொடுத்தார், இங்கே பெண்கள் அதிகாரத்துக்கு எதிராகத் தங்கள் பெயரைக் கொடுத்தார்கள். ஆனாலும் பார்க்கும்போது மனசுல ஏதோ இடிக்கத்தான் செய்யுது.

சரி, வாரிசு விவாதம் என்ன ஆகிறது?

எலியா கஸானின் பேத்தி இல்லாத ஒருவர் இந்த நாவலைப் பல வருடம் மனதில் சுமந்திருந்தாலும், ஒரு பெரிய நிறுவனம் கதவைத் திறந்திருக்குமா? அநேகமாகக் கஷ்டம்தான். இந்தக் கேள்வி ஸோயியின் திறமையால் தீர்ந்துவிடாது. அதேசமயம், பிரபல குடும்பத்துப் பிள்ளைகள் பொதுவாகத் தாத்தாவின் படத்துக்கு விழா எடுப்பார்கள், டிஜிட்டலில் மெருகேற்றி மறுபடி வெளியிடுவார்கள். அந்தப் படம் யாரை வெளியே விட்டது என்று தேடிப்போகிறவர்கள் குறைவு.

வெளியே விடப்பட்டது கேத்தியின் இளமை மட்டும் இல்லை. நாவலில் அந்த எபிரேயச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்குவதே லீ என்ற சீன அமெரிக்க வேலைக்காரர்தான். தாய் விட்டுப்போன இரட்டையர்களை வளர்ப்பவரும் அவரே. நெட்ஃபிளிக்ஸ் தொடரில் அந்த வேடத்தில் ஹூன் லீ நடிக்கிறார். 1955 படத்தில் அந்தப் பாத்திரமே கிடையாது.