3,000 மி.மீ. மழை பெய்யும் அந்தமானில் புல்தரைக்குத் தண்ணீர் ஒரு பிரச்னையா?

மார்ச் மாதம் அந்தமானுக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? ரிசார்ட் விளம்பரப் படங்களில் கடல் இருக்கும், தென்னை இருக்கும், நடுவே பச்சைப் பசேலென்று ஒரு புல்தரையும் இருக்கும். மார்ச்சில் அந்தப் பச்சைக்கு என்ன விலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மழை கொட்டும் ஊர்தானே?

ஆமாம். ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையைப் போல இரு மடங்கு. ஆனால் பெரும்பகுதி மே முதல் டிசம்பருக்குள் முடிந்துவிடும். பிப்ரவரி, மார்ச் இரண்டையும் கூட்டினாலும் சராசரி 100 மி.மீ.கூடத் தேறாது. மலைச்சரிவான நிலம், நீளம் குறைந்த ஓடைகள் என்பதால் பெய்த மழையில் பெரும்பங்கு கடலுக்குப் போய்விடுகிறது. நகரம் முக்கியமாக நம்பியிருப்பது தனிக்காரி அணையை. கோடையில் குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை வருவது அங்கே புதிதல்ல.

சுற்றுலா சீசனும் இதே மாதங்களில்தான். அதாவது புல்லுக்கும் விருந்தினருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேவைப்படுகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 லிட்டர். வெயிலும் காற்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. நீரை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அருகம்புல் போன்ற வெப்பநிலப் புற்களுக்கு இதில் சுமார் 60% கொடுத்தால் போதும் என்பது புல்தரைப் பராமரிப்பில் பரவலாகப் பயன்படும் அளவு. அதாவது 3 மி.மீ. எனவே 1,000 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 3,000 லிட்டர்.

ஸ்பிரிங்ளரை மறந்து ஓடவிட்டு 6 மி.மீ. கொடுத்தால் 6,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். கூடுதலாகப் போன 3,000 லிட்டர் மட்டும் 54 பேரின் ஒரு நாள் தண்ணீர்.

கிணறு இருந்தால் பிரச்னை தீர்ந்ததா?

இல்லை. ஷஹீத் தீவு (நீல்) போன்ற சிறு தீவுகளில் மழைநீர் நிலத்தடியில் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. கோட்பாட்டுக் கணக்குப்படி, நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும். மேலே கொஞ்சம் இறங்கினாலும் கீழே உப்பு பல மடங்கு ஏறும். அளவுக்கு மீறி உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக் கிணறும் கரிக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில் அளக்கலாம். புல்தரையில் நாலைந்து காலி டப்பாக்களை வைத்து, ஸ்பிரிங்ளரை 15 நிமிடம் ஓடவிட்டு, சேர்ந்த தண்ணீரை ஸ்கேலால் அளந்தாலே எவ்வளவு நேரம் போதும் என்று தெரிந்துவிடும்.

தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும். நேரம், விடிவதற்கு முன். மதியம் தெளித்தால் கடல்காற்றே பாதியைக் கொண்டுபோகலாம். காலால் மிதித்த தடம் அப்படியே நின்றால்தான் புல்லுக்குத் தாகம் என்று அர்த்தம்.

அடுத்தது, நல்ல தண்ணீரைத் தொடாமல் இருப்பது. 60 விருந்தினர் தங்கும் இடத்தில் குளியலறைக் கழிவுநீரை ஆளுக்கு 50 லிட்டர் பிடித்துச் சுத்திகரித்தாலே 3,000 லிட்டர். மேலே சொன்ன தேவைக்குச் சரியாக வந்துவிடுகிறது. மண்ணுக்கடியில் சொட்டுநீர்க் குழாய் பதித்தால் அது யார்மீதும் தெறிக்காது.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை: புல்லைப் பழுப்பாக விட்டுவிடுங்கள். வேரூன்றிய அருகம்புல் வறட்சியில் சாவதில்லை, தூங்குகிறது. மே கடைசியில் மழை பிடித்ததும் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா?

ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ. மழையே பெறும் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவில் 2021-ல் ஒரு சட்டம் வந்தது. சாலை நடுவிலும் அலுவலக முகப்பிலும் அழகுக்கு மட்டுமே வளர்க்கும் புல்லுக்கு, 2027 முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது. தனி வீடுகளின் புல்தரைக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் தடை இல்லை. யாரும் நடக்காத புல்லுக்குக் குடிநீர் எதற்கு என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

அந்தமான் பாலைவனம் இல்லை. ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் அதன் நீர்க்கணக்கு வறண்ட ஊரின் கணக்குதான். அறை பதிவு செய்யும்போது "புல்லுக்கு எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புல் பழுப்பாக இருக்கிறதென்று ரிவ்யூவில் ஒரு ஸ்டாரைக் குறைத்துவிடாதீர்கள்.