கிறைண்டரில் பஞ்சு மாட்டாதீர்கள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்கள் வீட்டுப் பிள்ளைகள் போல ஆகிவிட்டன. ஆளாளுக்கு முற்றத்தில் நிறுத்திப் பொலிஷ் போடுகிறார்கள். போடட்டும். இரும்பு வெட்டும் கிறைண்டரில் பஞ்சு மாட்டிக் காரில் வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சிறிய கிறைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றும். பொலிஷுக்கு ஆயிரம், இரண்டாயிரமே தாராளம். பெயின்றுக்கு மேலுள்ள நிறமற்ற பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரைவிட மெல்லிசு. ஓரிடத்தில் மெஷின் கொஞ்சம் தங்கினாலே சூடேறிக் கருகும். பொனற் விளிம்பில் இன்னும் கெதியாக. பிறகு ஸ்பிரே பெயின்ற்காரரிடம்தான் போகவேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு ஆடி ஆடிச் சுழலும் வகை மெஷினே நல்லது. அதையும் முதலில் கண்ணில் படாத மூலையில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊரான பளைக்கென்று இன்னொரு தொல்லை உண்டு, காற்று. இங்கே காற்றாலைகளைச் சும்மாவா நட்டார்கள்? காற்று அள்ளிவரும் மணலில் ஒரு பொட்டுப் பஞ்சில் ஒட்டினாலும் கார் முழுக்க வட்டக் கீறல்தான். ஆகவே நன்றாகக் கழுவி, வெயில் படாத போர்ட்டிக்கோவில், தகடு ஆறிய பிறகு தொடங்குங்கள். நிலத்தில் விழுந்த பஞ்சைத் தட்டிவிட்டு மாட்டக்கூடாது. கழுவிய ஈரத்தில் வயரை இழுக்கவும் வேண்டாம். தோளுக்கு மேலால் போடுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று கடைசியாக எப்போது அமத்திப் பார்த்தீர்கள்?